பன்னீர் ரோஜாவுக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டு ரோஜாவை யாரும் தலையில் வைக்கக் கூடாது என்று நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். சாமி படத்துக்கும் கிடையாது. கேட்டு வருகிற பெண்பிள்ளைகளிடம், "இது திங்கற பூ, கடையில போய் வாங்கி வெச்சுக்கோ" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். எதிர்வீட்டுக்காரி எக்கியார்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். வாய் மட்டும் என்னைவிட மூப்பு.

"என்னாக்கா, ஊரே பூவைத் தலையில வெக்குது, உங்க வூட்ல மட்டும் ஆடு மாதிரி மேயறீங்க" என்பாள்.

"ஆடு மேய்ஞ்சா பாலாவது குடுக்கும். நீ தலையில வெச்சு என்னாத்தக் குடுத்த" என்பேன்.

பதினொரு பன்னீர் ரோஜாச் செடி இருந்தது. எல்லாம் பழைய பெயிண்ட் வாளியில். எங்கள் மண்ணை நம்பி எதுவும் வைக்க முடியாது. காலால் கீறினால் அடியில் வெள்ளையாகத் தெரியும். உப்பளத்து ஊர் அப்படித்தான். அதனால் இரும்பை ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு குட்டியானை வண்டி நிறையச் செம்மண் வரவழைத்தோம். ரோஜாவோடு நாலு தொட்டியில் லாவெண்டர். அது என் மருமகள் கொண்டுவந்தது. சாம்பல் பூத்த மாதிரி இலை, ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும். முதல் நாள் கசக்கி மோந்துவிட்டு, "சோப்புக் கட்டி வாசம் அடிக்குது, இதைப் போய் யாரு தின்னுவாங்க" என்றேன். அவள் சிரித்தாள். நாலு இலையும் ஒரு பூக்கொத்தும் சர்க்கரையில் போட்டு மூடி வைத்து, பத்து நாள் கழித்து அந்தச் சர்க்கரையில் பிஸ்கட் செய்து கொடுத்தாள். வாயில் போட்டதும் சோப்பு இல்லை. வேறு என்னவோ. மழை ஓய்ந்த காலையில் சவுக்குத் தோப்புக்குள் போனால் ஒரு வாசம் வருமே, அதற்குக் கிட்டத்தில் ஒன்று. கொஞ்சம் கூடிப்போனால் மட்டும் கசக்கும்.

லாவெண்டருக்கு வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. அதனால் கடற்கரை மணலை எடுத்துவந்து குழாய்த் தண்ணீரில் மூன்று தரம் அலசி, செம்மண்ணோடு சரிபாதி கலந்து போட்டேன். ரோஜாவுக்கு மருந்து அடிப்பது கிடையாது. பூச்சி வந்தால் வேப்பெண்ணெய், புளித்த மோர். வெயில் ஏறுவதற்குள் பூவைப் பறித்து, இதழைப் பிரித்து, அடியில் வெள்ளையாக இருக்கும் நுனியைக் கிள்ளிப் போட வேண்டும், அதுதான் கசப்பு. இதழைக் கழுவினால் வாசம் போய்விடும். கண்ணாடி ஜாடியில் ஒரு வரிசை இதழ், ஒரு வரிசை பொடித்த கற்கண்டு என்று அடுக்கி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி மதில் மேல் வெயிலில் வைத்தால் பதினைந்து நாளில் கூழாகி, செம்பு நிறத்துக்கு வந்துவிடும், அதுதான் ரோஜாக் கற்கண்டு, குல்கந்து என்பார்கள். இதெல்லாம் என் கைவேலை. வீட்டுச் சமையலும் நான்தான். பிஸ்கட் சுடுவது மட்டும் மருமகள் வேலை.

மருமகள் குயிலாப்பாளையத்தில் ஒரு தங்கும் விடுதியின் சமையலறையில் வேலை பார்க்கிறாள். மகனுக்கு வெளியூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை வருவான், திங்கள் விடியலில் போய்விடுவான். ஆகையால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு இதற்கு முன்னால் இரண்டு தரம் கரு தங்கவில்லை. மூன்றாம் தரம் நின்றபோது டாக்டரம்மா, "பஸ்ல குலுங்கிக் குலுங்கிப் போறது வேணாம், வீட்ல இரு" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் இருந்தால் வேலை போய்விடும். அவள் அந்த விடுதி மேடத்திடம் போய்ப் பேசினாள். அந்த அம்மா ஒரு வழி சொன்னார்கள். ரோஜாக் கற்கண்டும் லாவெண்டர் பிஸ்கட்டும் வாரா வாரம் வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து செய்து தரட்டும். பூ அவள் வீட்டுச் செடியில் பூத்ததாக இருக்க வேண்டும், மார்க்கெட் பூ கூடாது, அதில் மருந்து இருக்கும். இரண்டு மாதம் தவறாமல் வந்தால் அப்புறம் வேலைக்கே வர வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம். அந்த இரண்டு மாதமும் மட்டும் வழக்கம்போல் பஸ்ஸில் சமையலுக்குப் போய் வர வேண்டும்.

அதனால் அந்தப் பதினொரு வாளியும் எங்களுக்குச் சும்மா செடி இல்லை. அவள் பஸ் ஏறுவதா, வீட்டில் காலை நீட்டி உட்காருவதா என்பது அந்த வாளியில் இருந்தது.

இங்கே என் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் சொல்கிறேன். நாற்பது வருஷம் உப்பளத்தில் நின்றேன். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திறப்பதற்கு முன்னால் மேஸ்திரி ஒரு கண்ணாடிக் குச்சியை விட்டு டிகிரி பார்ப்பார். பார்ப்பதற்கு முன் என்னைக் கூப்பிடுவார். நான் விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, "இருபத்து நாலு" என்பேன். குச்சியும் இருபத்து நாலில் நிற்கும். "குச்சியைத் தூக்கிப் போட்டுட்டு உன் நாக்கை எடுத்துட்டுப் போவலாம் போல" என்பார். வேலையை விட்டு நின்ற பிறகும் எங்கள் தெருவில் யார் போர் போட்டாலும் முதல் தண்ணீரைச் சொம்பில் பிடித்து என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தி, துப்பிவிட்டுச் சொல்வேன். "குளிக்கலாம், பருப்பு வேகாது." "தென்னைக்கு ஊத்து, வேறெதுக்கும் ஆகாது." நான் சொன்ன பிறகு வேறொருவர் குடித்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது.

எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் போர் நல்ல தண்ணீர் போர். அதுவும் நான் சொன்னதுதான், என் வீட்டுக்காரர் இருந்தபோது. சுற்றிலும் கரிக்கிற ஊரில் எங்கள் வீட்டில் மட்டும் இனிப்பு. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அது சமையலுக்கும் குடிக்கவும். செடிக்கு எப்போதும் போர்தான்.

மேடத்துக்கு முதல் மூன்று வெள்ளிக்கிழமையும் ஒழுங்காகப் போனது. நாலாம் வாரம் ரோஜா இலையின் ஓரம் தீய்ந்த மாதிரி ஆக ஆரம்பித்தது. கடல் காற்று என்று நினைத்தேன். காற்றில் வந்த உப்பை அலசிவிடலாம் என்று இரண்டு வேளையும் தண்ணீரை இலை மேலேயே ஊற்றினேன். தீய்ந்தது நடு இலை வரை வந்தது. மொட்டு விரியாமல் கெட்டியாக, கொட்டைப்பாக்கு மாதிரி நின்றுபோனது.

ஒரு காலை மருமகள் போரடியில் வாய் கொப்புளித்துவிட்டு நின்றாள்.

"அத்தை, தண்ணி கரிக்குதுங்க."

நான் ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். "தேன் மாதிரி இருக்குது."

"இல்லீங்க அத்தை. நாலு நாளாவே அப்படித்தான் இருக்குது எனக்கு."

"உனக்கு எதுதான் கரிக்கல. முந்தாநாள் வெறும் தோசை கரிக்குதுன்ன. மசக்கை நாக்கை வெச்சிக்கிட்டு என் போர்ல கொற சொல்லாத."

அவள் உள்ளே போனாள். எதிர்வீட்டுக்காரி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நாலாம் மாசம் வரைக்கும் எனக்குக் கொழா தண்ணியே மீன் வாசம் அடிச்சிச்சி. அக்கா நாக்குக்கு மேல அப்பீலு ஏது" என்றாள். எனக்கு அது இனிப்பாக இருந்தது.

மறுவாரம் கொண்டுபோனது பாதி ஜாடி. அதற்கடுத்த வாரம் ஒன்றுமில்லை. மேடம் பிஸ்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, "அடுத்த வெள்ளிக்குள்ள ரோஜா வரலன்னா நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன். நீ சமையலுக்கே வந்துக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டார்களாம். மருமகள் அதை என்னிடம் சொல்லும்போது கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்திய இடம் குழியாக நின்றது.

"அத்தை, ஒரு வாரம் மட்டும் குழாத் தண்ணி ஊத்திப் பாப்பமா" என்றாள்.

"குடிக்கவே கொழா தண்ணி பத்தல. லாவெண்டரைப் பாரு, அதே தண்ணி தான் குடிக்குது, கல்லு மாதிரி நிக்குது. தண்ணி கெட்டிருந்தா அதுவும்ல சாவணும். நீ ஊறுகா ஜாடி கழுவின தண்ணிய ரோஜாவுல ஊத்தியிருப்ப. அதான்."

"நான் ஊத்தலீங்க."

"ஊத்தாம எங்கிருந்து வந்துச்சி."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் சாப்பிடும்போது குழம்பைத் தள்ளி வைத்து, "அம்மா, உப்பு தூக்கலா இருக்குதும்மா. ரெண்டு மூணு மாசமாவே இப்படித்தான்" என்றான். பெண்டாட்டி சொல்லிக்கொடுத்துப் பேசுகிறான் என்று நினைத்தேன். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

திங்கட்கிழமை அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் வாயை அடைக்க வேண்டும். எங்களுக்குத் தண்ணீரைச் சோதிக்க ஒரு வழி உண்டு, அது நாக்கை நம்பாதவர்களுக்காக வைத்திருக்கும் வழி. இரண்டு எவர்சில்வர் தட்டை எடுத்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர். இரண்டையும் மதில் மேல், ரோஜா ஜாடி வைக்கிற இடத்தில் வெயிலில் வைத்தேன். தண்ணீர் வற்றினால் தட்டில் என்ன நிற்கிறதோ அதுதான் தண்ணீரின் குணம். எதிர்வீட்டுக்காரியையும் கூப்பிட்டேன். சாட்சி வேண்டும் என்று எனக்கு.

"நல்லாப் பாத்துக்கோ. சாயங்காலம் அவ வந்ததும் நீதான் சொல்லணும்."

"மாமியா மருமவ சண்டைக்கு தட்டை வெச்சிப் பஞ்சாயத்து பண்றது இந்த தெருவுலதான்" என்று சொல்லிவிட்டு, நிழலில் உட்கார்ந்து மீன் ஆய ஆரம்பித்தாள்.

கோடை வெயில். ஒவ்வொரு தட்டும் வற்ற வற்ற இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், உப்பளத்தில் செய்கிற மாதிரியே. நடுப்பகல் தாண்டி எதிர்வீட்டுக்காரி உலையைப் பார்க்க உள்ளே போனாள். நான் மதிலிடம் போனேன்.

குழாய்த் தண்ணீர்த் தட்டில் லேசாகப் புகை படிந்த மாதிரி ஒரு வட்டம். போர் தண்ணீர்த் தட்டு வெள்ளையாக இருந்தது.

சுண்ணாம்பாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். நகத்தால் சுரண்டி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நெரித்தேன். சுண்ணாம்பு மாவாகப் போகும். இது நறநற என்றது. நாற்பது வருஷம் பலகையால் வாரிக் குவித்த பொருள், என் விரலுக்குத் தெரியாதா. வாயில் வைத்தேன். அப்போதும் ஏதோ கொஞ்சமாகத்தான் இருந்தது, எங்கோ தூரத்தில் இருக்கிற மாதிரி. தட்டில் இருந்ததை மொத்தமாக வழித்து நாக்கில் போட்டேன். அதன் பிறகுதான் கரித்தது.

பக்கத்தில் ரோஜா வாளி. வாளி விளிம்பிலும் மண் மேலும் அதே வெள்ளை. ஒரு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பூஞ்சாணம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வேளையும் இலை மேல் ஊற்றியது நினைவுக்கு வந்தது. மகன் தள்ளி வைத்த குழம்பு. அவள் கணுக்கால் குழி. அவளுக்கு ஆக்கிப் போட்டவள் நான்தானே.

எதிர்வீட்டுக்காரியின் செருப்புச் சத்தம் கேட்டது. முந்தானையை எடுத்துத் தட்டைத் துடைத்தேன்.

"என்னாக்கா ஆச்சி."

"என்னா ஆவும். ரெண்டும் ஒண்ணுதான்."

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் மருமகள் பஸ் இறங்கி வந்ததும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே, "உங்க மாமியா ஜெயிச்சிட்டாங்க" என்று கத்திச் சொன்னாள். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

எனக்கு ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று இப்போதும் யோசிக்கிறேன். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள். ஆனால் அந்த நாக்கு போய்விட்டது என்றால் அப்புறம் என்னிடம் என்ன இருக்கிறது. கூட்டிக் கூட்டித்தான் எழுதப் படிக்க வரும். நிலம் கிடையாது. முட்டி தேய்ந்துவிட்டது. தெருவில் என்னை அக்கா என்றும் ஆயா என்றும் கூப்பிட்டு நாலு பேர் சொம்போடு வந்து நிற்பது அந்த நாக்குக்காகத்தான்.

மறுநாளிலிருந்து யாருக்கும் தெரியாமல் குழாய்த் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். நான் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். குழம்பில் உப்பைப் பாதியாக்கினேன். மண்ணில் ஏறிய உப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்குமா. இலையெல்லாம் கொட்டியது. வெள்ளிக்கிழமை வந்தது. மருமகள் வெறும் பிஸ்கட் டப்பாவோடு போனாள். வரும்போது, "பழையபடி தெனம் சமையலுக்கே வந்துக்கிட்டு இருக்கச் சொல்லிட்டாங்க. பிஸ்கட்டும் வேணாமாம்" என்றாள். லாவெண்டர் அப்போதும் அப்படியே நின்றது. அதற்குக் கொஞ்சம் உப்புத் தாங்கும் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். போர் ஏன் கெட்டது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இறால் பண்ணை என்கிறார்கள், கழுவெளி ஏரியின் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்கிறார்கள், தெருவுக்குப் பத்து போர் போட்டதால் என்கிறார்கள். எனக்குத் தெரியாது.

அவள் ஐந்தாம் மாதமும் பஸ்ஸில் போனாள். ஆறாம் மாதம் ஒரு காலை நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஈ.சி.ஆர். நிறுத்தம் வரை கூடப் போனேன். உப்பு லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று நின்றோம். அந்தச் சத்தத்தில்தான் எனக்குச் சொல்ல வந்தது.

"அன்னிக்கு தட்டு வெள்ளையா ஆச்சிம்மா. நான் தொடச்சிட்டேன்."

லாரி போய்விட்டது. அவள் ரோட்டையே பார்த்தாள்.

"தெரியுங்க அத்தை."

"எப்படித் தெரியும்."

"தட்டு விளிம்புல ஒட்டிக்கிட்டு இருந்திச்சிங்க. நான்தான் தேச்சிக் கழுவினேன்."

"அப்ப ஏன் சொல்லல."

"சொல்லி?" என்றாள். பஸ் வருகிற பக்கம் திரும்பி, "அதுக்கு முன்னாடி சொன்னேன்ல. அப்ப மசக்கை நாக்குன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

பஸ் வந்தது. அவள் ஏறினாள். பையைக் கொடுப்பதற்குப் பதில் நானும் ஏறினேன்.

"நீங்க எங்கீங்க அத்தை வர்றீங்க."

"உள்ள போ. சக்கரத்து மேல ஒக்காராத, நடுவுல ஒக்காரு."

குயிலாப்பாளையத்தில் அந்த விடுதிச் சமையலறை எங்கள் வீடு முழுவதைவிடப் பெரிது. மேடம் சின்ன வயதுதான், கண்ணாடி போட்டிருந்தார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"இவங்க யாரு?"

"மாமியாருங்க மேடம்."

நான் இதுவரை யாரிடமும் வேலை கேட்டு நின்றதில்லை. உப்பளத்தில்கூட மேஸ்திரிதான் வந்து கூப்பிட்டார். அன்றைக்குக் கேட்டேன். "நின்னுக்கினு செய்யற வேலையை எல்லாம் நான் செய்யறேம்மா. அவ ஒக்காந்து செய்யறதைச் செய்யட்டும். எனக்குன்னு தனியா ஒண்ணும் வேணாம்."

"இந்த வயசுல பாத்திரம் தேய்ப்பீங்களா பாட்டி?"

"உப்புல நாப்பது வருஷம் நின்ன காலு. தேய்க்கறதுக்கா நிக்காது."

மேடம் யோசித்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்து மருமகளிடம் தள்ளினார்கள். அன்றிலிருந்து போகிறேன். அண்டா குண்டா எல்லாம் நான். காய் நறுக்குவது, மாவு பிசைவது அவள், ஸ்டூலில் உட்கார்ந்து. அங்கே ஒரு மேடையில் ரோஜாக் கற்கண்டு பாட்டில் நிற்கிறது. புதுச்சேரிக் கடையிலிருந்து வருவதாம். நிறம் அடர்த்தியாக இருக்கிறது. நான் திறந்து பார்க்கவில்லை.

போன வாரம் சமையல்காரர் ஒரு கரண்டி சூப்பை என்னிடம் நீட்டினார். "பாட்டிம்மா, உப்பளத்துக்காரங்க நீங்க. உப்பு பாத்துச் சொல்லுங்க."

கையில் சோப்பு நுரை. மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்கு நாக்கு போயிடிச்சிப்பா. அவளக் கேளு" என்றேன்.

அவள் கரண்டியை வாங்கி ஊதிக் குடித்தாள். "கொஞ்சம் போடலாம்ணா" என்றாள்.

தெருவில் இன்னும் சொல்லவில்லை. ஒருநாள் யாராவது சொம்போடு வந்து நிற்பார்கள், அன்றைக்குச் சொல்ல வேண்டும். வாளிகளில் ஒன்பது செடி காய்ந்துவிட்டது, பிடுங்கிப் போட்டேன். இரண்டு நிற்கிறது. அதில் ஒன்றில் சிவப்பாக ஒரு தளிர், மொட்டு கிடையாது. தினம் காலையில் தண்ணீரை ஊற்றுவதற்கு முன்னால் மருமகளிடம் ஒரு வாய் கொடுக்கிறேன். அவள் தலையாட்டினால்தான் ஊற்றுகிறேன்.

இது அவளுக்கு ஏழாம் மாதம். போகும்போது பத்து, வரும்போது பத்து, வேகத்தடைகளை எண்ணி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்று வரும்போதும் நான் முன்கூட்டியே, "பிடிச்சிக்கோ" என்கிறேன். அவள் ஒரு கையால் முன்சீட்டுக் கம்பியையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொள்கிறாள். பஸ் ஏறி இறங்கும். அதற்கப்புறம் அடுத்தது வருகிற வரை நான் ரோட்டைப் பார்க்கிறேன்.